பழைய ஸ்டெர்ன்டிரைவ் படகில் டிரக் எஞ்சின்: லாங் பிளாக் மட்டும்தான் டிரக்கிலிருந்து வரலாம்

பழைய ஸ்டெர்ன்டிரைவ் படகு (எஞ்சின் உள்ளே, ப்ரொப்பெல்லரைச் சுற்றும் ‘டிரைவ்’ பின்சுவருக்கு வெளியே) வைத்திருப்பவர்களுக்கு ஒருநாள் இந்த யோசனை வந்தே தீரும். படகின் எஞ்சின் போய்விட்டது, புது மரைன் எஞ்சினின் விலையைக் கேட்டால் படகையே விற்றுவிடலாம் போலிருக்கிறது, அந்த நேரம் பார்த்து ஸ்கிராப் யார்டில் ஒரு செவ்ரோலெட் (சுருக்கமாகச் ‘செவி’) பிக்கப் டிரக் நல்ல 5.7 லிட்டர் வி8 எஞ்சினோடு நிற்கிறது. மெர்க்ரூசர் எஞ்சின் போட்ட படகுகளில் இருப்பதும் அதே ஜிஎம் 350 (5.7 லிட்டர், அதாவது 350 கன அங்குலம்) தானே, தூக்கி வைத்தால் என்ன?

தூக்கி வைக்கலாம். நான் இரண்டு தடவை செய்திருக்கிறேன், இரண்டும் ஓடுகின்றன. ஆனால் ‘அதே எஞ்சின்’ என்பது லாங் பிளாக் வரைக்கும்தான். அதாவது பிளாக், கிராங்க், பிஸ்டன், கேம், ஹெட். அதற்கு வெளியே போல்ட் போட்டு மாட்டியிருக்கிற கார்புரேட்டர், ஸ்டார்ட்டர், ஆல்டர்நேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், ஃப்யூவல் பம்ப், வாட்டர் பம்ப், எக்ஸாஸ்ட் எல்லாமே மரைன் பாகமாகத்தான் இருக்க வேண்டும். உங்கள் செத்துப்போன எஞ்சின்மேல் இவை எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. அதனால் பழைய எஞ்சினைக் கழற்றிய கையோடு யாருக்கும் விற்றுவிடாதீர்கள்.

பழையது எதனால் செத்தது?

இதைக் கண்டுபிடிக்காமல் ஸ்பேனரைத் தொட வேண்டாம். படகு எஞ்சின்கள் ஓடித் தேய்ந்து சாவது குறைவு, பெரும்பாலும் தண்ணீரால் சாகின்றன. குளிர்காலத்தில் தண்ணீரை வடிக்காமல் விட்டு, அது உறைந்து பிளாக் வெடித்திருக்கும். இல்லையென்றால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு உள்ளே அரித்து, தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கும். அதுவும் இல்லையென்றால் தண்ணீர் பம்பின் ரப்பர்ச் சக்கரமான இம்பெல்லர் சிதைந்து எஞ்சின் சூடாகியிருக்கும்.

மேனிஃபோல்டின்மேல் உட்காரும் ரைசரைக் கழற்றி, இரண்டும் சேரும் முகத்தைப் பாருங்கள். தண்ணீர் போகும் ஓட்டையிலிருந்து புகை போகும் ஓட்டைக்கு ஒரு துருக்கோடு ஓடியிருந்தால் கொலைகாரன் அகப்பட்டுவிட்டான். அதே மேனிஃபோல்டைப் புது எஞ்சினில் மாட்டினால் அதுவும் ஒரு சீசன்கூடத் தாங்காது. உப்புத் தண்ணீரில் ஓடும் மேனிஃபோல்டுகளை ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவதுதான் வழக்கம். உங்களுடையதன் வயது தெரியவில்லை என்றால் புதிதாகவே போட்டுவிடுங்கள். இந்த வேலையில் காசை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இது.

எந்த டிரக்கின் எஞ்சின்?

படகில் இருந்த அதே குடும்பத்திலிருந்து எடுப்பதுதான் சுலபம். செவி ஸ்மால் பிளாக் (மேலே சொன்ன 350இன் குடும்பம்) இருந்தால் செவி ஸ்மால் பிளாக், ஃபோர்டு இருந்தால் ஃபோர்டு. குடும்பம் ஒன்றாக இருந்தாலும் வருடத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

செவியில் 1986 ஒரு எல்லைக்கோடு. அதற்கு முந்தைய எஞ்சின்களில் கிராங்கின் பின் சீல் இரண்டு துண்டு, ஃப்ளைவீல் போல்ட் வட்டம் 3.58 அங்குலம். 86 முதல் சீல் ஒரே துண்டு, போல்ட் வட்டம் 3 அங்குலம். முக்கியமாக, புதிய வகையில் கிராங்கின் பின்பக்க பேலன்ஸில் ஒரு பங்கு ஃப்ளைவீலில்தான் இருக்கிறது, பழைய 350இல் ஃப்ளைவீலில் தனி எடை கிடையாது. ஆகவே 1980ஆம் வருடப் படகில் 1990ஆம் வருட டிரக் எஞ்சினை வைக்கிறீர்கள் என்றால் புது ஃப்ளைவீலும் அதோடு பொருந்தும் கப்ளரும் (எஞ்சினை டிரைவோடு இணைக்கும் பாகம்) வாங்க வேண்டும். போல்ட் ஓட்டையை மட்டும் மாற்றித் துளைத்துப் பழைய ஃப்ளைவீலையே மாட்ட நினைப்பவர்கள் உண்டு. வேண்டாம், எஞ்சின் ஆடியே தன் பேரிங்கைத் தின்றுவிடும். ரிங் கியரில் 153 பல் இருக்கிறதா 168 பல்லா என்று எண்ணிவிட்டுத்தான் ஸ்டார்ட்டரை முடிவு செய்ய வேண்டும்.

ஆயில் அளக்கும் குச்சி 1980க்கு முன் எஞ்சினின் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம். சின்ன விஷயம்தான், ஆனால் மரைன் ஆயில் பேன் மாட்டும்போது இது பொருந்தாமல் நின்று ஒரு சனிக்கிழமையை விழுங்கிவிடும்.

1996 முதல் வந்த வோர்டெக் எஞ்சின்களின் ஹெட் அருமையானது. ஹெட் காஸ்டிங் எண் 906 அல்லது 062 என்று முடிந்தால் அதுதான். ஆனால் அவற்றுக்கு இன்டேக் மேனிஃபோல்டு போல்ட் எட்டுதான், பழைய ஹெட்டில் பன்னிரண்டு. உங்கள் பழைய இன்டேக் அதில் உட்காராது, வோர்டெக்குக்கான மரைன் இன்டேக் தனியாக வாங்க வேண்டும். இந்த டிரக் பிளாக்குகள் பெரும்பாலானவற்றில் மெக்கானிக்கல் ஃப்யூவல் பம்ப் மாட்ட இடமே கடைந்திருக்காது. இன்னொன்று, இவற்றில் ரோலர் கேம். பழைய டிஸ்ட்ரிபியூட்டரின் சாதாரண இரும்புக் கியரை அதில் இறக்கினால் கொஞ்ச நாளில் கியர் தேய்ந்து தூளாகும். கெட்டிப்படுத்திய மெலனைஸ்டு கியர் மாற்றிக்கொள்ளுங்கள்.

எல்எஸ் குடும்பத்து 5.3 லிட்டர் எஞ்சின் ஸ்கிராப் யார்டு முழுக்கக் கிடைக்கிறதே, அதைப் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், போட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கிராங்க் ஃபிளாஞ்ச் பழைய ஸ்மால் பிளாக்கைவிட 0.4 அங்குலம் உள்ளே இருக்கும், மவுண்ட் வேறு, எக்ஸாஸ்ட் வேறு, கம்ப்யூட்டர் வேறு. முதல் முறை செய்பவருக்கு இது ஆகாது.

ஃபோர்டு 302 என்றால் ஒரு எச்சரிக்கை: 1980களின் தொடக்கத்தில் பேலன்ஸ் எடையை 28 அவுன்ஸிலிருந்து 50 அவுன்ஸுக்கு மாற்றினார்கள். அங்கேயும் ஃப்ளைவீல் கதைதான்.

வாங்கும் முன் கம்ப்ரஷன் பாருங்கள். 150 பிஎஸ்ஐயை ஒட்டி இருந்து, எட்டு சிலிண்டருக்கும் இடையே பத்துப் பதினைந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இல்லாமல் இருந்தால் சரி. இரண்டு போல்ட் மெயினா நான்கு போல்ட் மெயினா என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம், 5000 ஆர்பிஎம் தாண்டாத படகுக்கு இரண்டு போல்ட் போதும்.

நான்கு சிலிண்டர் படகில் வி8 வைக்கும் ஆசை இருந்தால் டிரைவைப் பற்றியும் யோசியுங்கள். மெர்க்ரூசரின் ஆல்ஃபா வகை டிரைவில் வி8க்கு கியர் விகிதம் 1.5ஐ ஒட்டி இருக்கும், வி6க்கு 1.8ஐ ஒட்டி, நான்கு சிலிண்டருக்கு 2ஐ ஒட்டி. எஞ்சினை மட்டும் மாற்றிவிட்டு டிரைவை அப்படியே விட்டால் ப்ரொப்பெல்லர் கணக்கு குட்டிச்சுவர். ஆல்ஃபா டிரைவே சுமார் 300 குதிரைத்திறனுக்கு மேல் தாங்காது.

கழற்றுவது

முதலில் டிரைவைக் கழற்ற வேண்டும், பிறகுதான் எஞ்சின். ஆல்ஃபா என்றால் லீவரை ஃபார்வர்டு கியரில் வைத்துவிட்டு டிரைவை இழுங்கள், நியூட்ரலில் வராது. பேட்டரியைக் கழற்றுங்கள், பெட்ரோல் லைனை அடைத்துக் கட்டுங்கள், ஒவ்வொரு வயரையும் ஹோஸையும் கழற்றும் முன் போட்டோ எடுங்கள்.

மரைன் வி8 எல்லாச் சாமானோடும் 400 கிலோவைத் தொடும். டிரெய்லரின்மேல் நிற்கும் படகின் ஓரத்தைத் தாண்டி எஞ்சின் மேலே வர வேண்டும், சாதாரண கராஜ் கிரேனுக்கு அந்த உயரம் எட்டாது. உயரமான உத்தரத்தில் செயின் பிளாக்கை மாட்டி, எஞ்சினை நேராகத் தூக்கிவிட்டு, அடியிலிருந்து படகை டிரெய்லரோடு நகர்த்துவதுதான் நல்ல வழி. எஞ்சின் தொங்கும்போது அதன் கீழே யாரும் கை நீட்டக் கூடாது.

எஞ்சின் வெளியே வந்ததும் படகின் அடிக்குழியான பில்ஜைக் கழுவிவிட்டு, எஞ்சின் உட்காரும் ஸ்ட்ரிங்கர்களையும் படகின் பின்சுவரான டிரான்ஸம் பலகையையும் சுத்தியலின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். டக் டக் என்று கெட்டியான சத்தம் வந்தால் நல்லது. பொதபொதவென்று கேட்டால் உள்ளே மரம் உளுத்திருக்கிறது, அந்த இடத்தில் ஒரு சின்னத் துளை போட்டு வெளியே வரும் தூளைப் பாருங்கள். ஈரமாக, கறுப்பாக வந்தால் எஞ்சின் வேலையை நிறுத்திவிட்டு முதலில் மரவேலை. கிம்பல் பேரிங் (டிரைவின் தண்டைத் தாங்குவது), பெல்லோஸ் (தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் உறை), ஷிஃப்ட் கேபிள் இவற்றை எட்ட இதைவிட நல்ல நேரம் கிடைக்காது, இப்போதே மாற்றிவிடுங்கள்.

டிரக் எஞ்சினை மரைன் ஆக்குவது

டிரக்கிலிருந்து வந்த எஞ்சினை லாங் பிளாக் வரை உரித்துவிடுங்கள். பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் கோர் பிளக்குகள் டிரக்கில் இரும்பு. அவற்றைத் தட்டி எடுத்துவிட்டுப் பித்தளை பிளக் போடுங்கள், ஸ்மால் பிளாக்குக்கு 1 5/8 அங்குலம். ரேடியேட்டரில் கூலன்ட் ஓடும்வரை இரும்பு பிளக் பாதகமில்லை, ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் ஓடும் இடத்தில் அது ஓட்டையாவது நிச்சயம். ஹெட்டைக் கழற்றுகிறீர்கள் என்றால் மரைன் ஹெட் கேஸ்கெட். ஹெட் வெளியே இருக்கும்போது வால்வுகளுக்கு இடையே விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், வோர்டெக் ஹெட்டில் அது வழக்கமான நோய்.

கேமை மாற்றுவதா? டிரக் கேம் பெரும்பாலும் மிதமானது, அப்படியே ஓடும். ரேஸ் கேம் போட்ட எஞ்சின் கிடைத்தால்தான் பிரச்சினை. இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் காலம் அதில் நீளம், ஐடிலில் எக்ஸாஸ்ட் குழாயில் இருக்கும் தண்ணீரை எஞ்சின் பின்னோக்கி உறிஞ்சிக்கொள்ளும்.

வாட்டர் பம்பில் ஒரு கண்ணி இருக்கிறது. 80களின் கடைசியிலிருந்து வந்த சர்ப்பன்டைன் பெல்ட் டிரக்குகளில் பம்ப் எதிர்த்திசையில் சுற்றும்படி செய்யப்பட்டது. அதை அப்படியே விட்டுப் படகின் வி பெல்ட்டை மாட்டினால் பம்ப் தலைகீழாகச் சுற்றும், எஞ்சின் காரணமே தெரியாமல் கொதிக்கும். மரைன் சர்குலேஷன் பம்பையே மாட்டுங்கள், அதன் பின்தகடும் சீலும் துருவுக்கு ஏற்றவை. தெர்மோஸ்டாட்டும் படகுடையதுதான். வெளித் தண்ணீரையே நேராகச் சுற்றவிடும் எஞ்சினுக்கு 60 டிகிரி செல்சியஸை ஒட்டிய தெர்மோஸ்டாட். டிரக்குடைய 90 டிகிரி தெர்மோஸ்டாட்டை விட்டுவைத்தால் உப்பு உள்ளுக்குள்ளேயே படிந்து வழியை அடைக்கும்.

ஆயில் பேன் படகுடையது, பிக்கப் குழாயும் அதனோடு சேர்ந்தது. படகில் எஞ்சின் சாய்ந்து உட்காரும், அதனால் குச்சியில் உள்ள டிரக் கோடுகளை நம்பாதீர்கள். எஞ்சின் இடத்தில் உட்கார்ந்தபின், பேன் கொள்ளளவுக்கும் ஃபில்டருக்கும் சேர்த்து அளந்து ஊற்றி, குச்சியில் எண்ணெய் நிற்கும் இடத்தில் நீங்களே அரத்தால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

இதில் மட்டும் சமரசம் கிடையாது

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. டிரக்கில் கசிந்தால் அடியில் இறங்கிக் காற்றோடு போய்விடும். படகில் அது பில்ஜில் குளம்போலத் தேங்கி நிற்கும், மேலே மூடிய எஞ்சின் பெட்டி. கார் ஸ்டார்ட்டரும் ஆல்டர்நேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் உள்ளுக்குள் பொறி விடுபவை, அந்தப் பொறி வெளியே வருவதைத் தடுக்க அவற்றில் எதுவும் இல்லை. மரைன் பாகங்களில் அந்தத் தடுப்பு உண்டு, எஸ்ஏஈ ஜே1171 என்று அதற்கு ஒரு தரமே இருக்கிறது. பார்வைக்கு இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும். அதனால்தான் ஆட்கள் ஏமாந்துபோகிறார்கள்.

கார்புரேட்டரும் அப்படியே. மரைன் கார்புரேட்டர் நிரம்பி வழிந்தால் பெட்ரோல் அதன் தொண்டைக்குள்ளேயே போகும், கார் கார்புரேட்டரில் வெளியே வழியும். மேலே ஏர் ஃபில்டருக்குப் பதில் தீச்சுடரைத் தடுக்கும் பிளேம் அரெஸ்டர் கட்டாயம். ஃப்யூவல் ஹோஸ் மரைன் முத்திரை உள்ளதாக இருக்கட்டும்.

பிளாக்கில் மெக்கானிக்கல் பம்புக்கு இடமில்லை என்றால் மரைன் எலெக்ட்ரிக் பம்ப் போட வேண்டும். எஞ்சின் நின்றால் அதுவும் நிற்க வேண்டும். ஆயில் பிரஷர் ஸ்விட்ச் வழியாக அதற்கு மின்சாரம் கொடுங்கள், ஸ்டார்ட் செய்யும் நேரத்துக்கு மட்டும் ஸ்டார்ட்டர் சர்க்யூட்டிலிருந்து ஒரு வயர். சாவியோடு நேராக இணைத்துவிட்டால், எஞ்சின் நின்று ஹோஸ் ஒன்று கழன்றிருக்கும் வேளையில் பம்ப் தன்பாட்டுக்கு பில்ஜில் பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கும். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதிகளிலேயே இது இருக்கிறது, பம்ப் எஞ்சினிலிருந்து ஓர் அடிக்குள் இருக்க வேண்டும் என்பதும்தான்.

இறக்கி நேர்ப்படுத்துவது

எஞ்சினைத் தொங்கவிட்டு மெதுவாக இறக்கி, ஃப்ளைவீல் ஹவுசிங்கின் இரண்டு காதுகளும் டிரான்ஸம் பிளேட்டில் உட்காரும்படி வைத்து, வாஷர்களைப் பழைய வரிசையிலேயே போட்டு முடுக்குங்கள். இனி முன்பக்க மவுண்ட்டை ஏற்றி இறக்கித்தான் மிச்சத்தைச் செய்ய வேண்டும்.

அலைன்மென்ட் பார் என்று நீளமான ஒரு எஃகுக் கம்பி இருக்கிறது. கடனாகக் கிடைத்தாலும் சரி, இல்லாமல் இந்த வேலையைச் செய்யாதீர்கள். அதன் முனையில் மெல்லிசாகக் கிரீஸைப் பூசி, படகின் பின்னாலிருந்து கிம்பல் பேரிங் வழியாக விட்டு, கப்ளரின் பல் இடுக்குக்குள் தள்ளுங்கள். இரண்டு விரலால் தள்ளினால் போக வேண்டும், இரண்டு விரலால் இழுத்தால் வர வேண்டும். வெளியே எடுத்து முனையைப் பாருங்கள். கிரீஸில் பல் தடம் சுற்றிலும் ஒரே அளவாக இருந்தால் நேராக இருக்கிறது. மேல்பக்கம் மட்டும் அழுத்தித் தேய்த்திருந்தால் கப்ளர் தாழ்ந்து நிற்கிறது. முன் மவுண்ட் நட்டைக் கால் சுற்று ஏற்றியோ இறக்கியோ பாருங்கள், தடத்தைத் துடைத்துவிட்டு மறுபடி கிரீஸ், மறுபடி கம்பி. முதல் தடவை எனக்கு இது பதினோரு முறை ஆனது. நடுநடுவே கிம்பல் பேரிங் தன் கூட்டில் சாய்ந்து பொய் சொல்லும், கம்பியை உள்ளே விட்டு நாலு பக்கமும் லேசாகத் தட்டி அதை நிமிர்த்திக்கொள்ளுங்கள். இதில் அவசரப்பட்டவர்கள்தான் மறு சீசன் கப்ளர் வாங்க வருகிறார்கள்.

வயரிங், அப்புறம் நான் பட்ட அசிங்கம்

டிரக்கின் வயரிங்கைத் தூக்கிப் போடுங்கள். படகின் ஹார்னஸே போதும். டெம்பரேச்சர், ஆயில் பிரஷர் சென்டர்களைப் பழைய எஞ்சினிலிருந்து மாற்றிப் போடுங்கள், டிரக் சென்டர் உங்கள் மீட்டரோடு பேசாது. அலாரம் ஸ்விட்ச் தனி, அதை மறந்துவிடாதீர்கள்.

ஆல்ஃபா டிரைவில் ஷிஃப்ட் கேபிள் பிராக்கெட்டில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். கியரிலிருந்து நியூட்ரலுக்கு லீவரை இழுக்கும்போது பளு கூடினால் அது ஒரு நொடி இக்னிஷனை வெட்டும், எஞ்சின் விக்கும், அந்த இடைவெளியில் கியர் பல் விடுபடும். என் முதல் எஞ்சின் மாற்றத்தில் புது இக்னிஷன் வயரை இழுத்தபோது அந்த ஸ்விட்ச்சின் கம்பியை எங்கும் இணைக்காமல் டேப் சுற்றி ஓரமாக விட்டுவிட்டேன். தண்ணீரில் எஞ்சின் அற்புதமாக ஓடியது. திரும்பி வந்து துறையை நெருங்கி லீவரை இழுத்தால் வரவில்லை. படகு நிதானமாக, பிடிவாதமாக முன்னே போய்க்கொண்டே இருக்கிறது, துறையில் நிற்பவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். கடைசியில் சாவியை அணைத்த பிறகுதான் கியர் விழுந்தது, படகின் மூக்கு மரத்தில் இடித்து நின்றது. தழும்பு இன்னும் இருக்கிறது. மெர்க்ரூசரின் இன்னொரு டிரைவான பிராவோ வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அதில் கோன் கிளட்ச்.

டைமிங்குக்கு டிரக் புத்தகத்தைப் பார்க்காதீர்கள். படகில் வேக்குவம் அட்வான்ஸ் கிடையாது, காரணம் படகு எஞ்சின் எப்போதும் மேட்டில் ஏறும் லாரியைப்போலப் பளுவோடுதான் ஓடுகிறது. உங்கள் மரைன் இக்னிஷனுக்கு உரிய எண்ணை வைத்து டைமிங் லைட்டால் சரிபாருங்கள். அதிகமாக முன்தள்ளினால் நாக்கிங் வரும், ஓடும் படகில் அந்தச் சத்தம் காதில் விழாது, பிஸ்டன் ஓட்டையானபின்தான் தெரியும்.

முதல் ஸ்டார்ட்

ஆல்ஃபாவில் தண்ணீர் பம்ப் டிரைவுக்குள் இருக்கிறது, பிராவோவில் எஞ்சினின்மேல். எதுவானாலும் தண்ணீர் இணைப்பு இல்லாமல் ஒரு நொடிகூட ஓட்ட வேண்டாம், இம்பெல்லர் ரப்பர் எரிந்துவிடும். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் காட்டும்வரை ஸ்டார்ட்டரால் சுற்றுங்கள். பிறகு பிளக் மாட்டி, பில்ஜை முகர்ந்து, ஆவியை வெளியேற்றும் பிளோயரை நான்கு நிமிடம் ஓட்டி, தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு சாவியைத் திருப்புங்கள்.

புது ஃப்ளாட் டாப்பெட் கேம் போட்டிருந்தால் முதல் இருபது முப்பது நிமிடம் 2000 ஆர்பிஎம்மை ஒட்டி ஓட வேண்டும். தோட்டக் குழாயை மாட்டிக்கொண்டு அவ்வளவு வேகத்தில் ஓட்டினால் தண்ணீர் பற்றாது. படகைத் தண்ணீரில் இறக்கிக் கட்டிவைத்து நியூட்ரலில் ஓட்டுவதுதான் பாதுகாப்பு. ரோலர் கேமுக்கு இந்தச் சடங்கு இல்லை.

ஓடும்போது இரண்டு பக்க ரைசர்களையும் கையால் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடிகிற சூடுதான் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சுட்டால் அந்தப் பக்கம் தண்ணீர் போகவில்லை, உடனே நிறுத்துங்கள்.

கடைசியாக ப்ரொப்பெல்லர். எஞ்சின் பழகியபின், வழக்கமான ஆட்களோடும் பாதி டேங்க் பெட்ரோலோடும் முழு த்ராட்டில் கொடுத்து ஆர்பிஎம் பாருங்கள். 5.7 மெர்க்ரூசருக்குப் பல வருட மாடல்களில் 4400 முதல் 4800 வரை. 4000த்தில் நின்றால் எஞ்சின் மூச்சுத் திணறுகிறது, பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) குறைந்த ப்ரொப்பெல்லர் போடுங்கள். 5200க்குப் பறந்தால் பிட்ச் கூட்டுங்கள். ஓர் அங்குலப் பிட்சுக்கு 150 முதல் 200 ஆர்பிஎம் மாறும். அதை முடித்துவிட்டு, பத்து மணி நேரம் ஓடியதும் எண்ணெய் மாற்றி, மேனிஃபோல்டு போல்ட்டுகளை மறுபடி முடுக்கி, டிரைவை ஒருமுறை கழற்றி அந்த அலைன்மென்ட் பாரை மறுபடி விட்டுப் பாருங்கள். என் இரண்டாவது படகில் அப்போது முன் மவுண்ட் அரைச் சுற்று இறங்கியிருந்தது.